மேற்கே பார்த்த கல்லறை

இன்று காலை தேர்வாய் கண்டிகை பஸ் ஸ்டாப்பில் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்த ஈரச் சுண்ணாம்பின் வாசனை, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையை ஒட்டியிருந்த எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு என்னை இழுத்துப்போனது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவும் நானும் நைனாவின் கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி வைத்து, மணலில் மெழுகுவத்தி நட்டு நிமிர்வதற்குள் ஆலையின் கரித்தூள் வெள்ளையின் மேல் இறங்கிவிடும். அம்மா அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே முதலாளியைச் சபிப்பாள்.

ஆண்டவர் கிழக்கிலிருந்து வரும் நாளில் செத்தவர்கள் எழுந்து அவரைப் பார்ப்பார்கள் என்று மற்றவர்களையெல்லாம் கிழக்குப் பார்த்துப் புதைத்திருந்தார்கள். விரிசல் விட்ட உலையை முதலாளி நிறுத்தாமல் ஓட்டியதில் வெந்து செத்த நைனாவை மட்டும், அம்மா பிடிவாதமாக மேற்கே, ஆலை கேட்டைப் பார்த்துப் புதைக்க வைத்தாள்.

“எல்லார் பாவத்தையும் ஏசு சிலுவையிலயே தீத்துட்டாரும்மா. அந்த முதலாளி பாவத்தையும்தான்” என்றார் போதகர்.

“தீத்துட்டாரு, நான் இல்லன்னா சொன்னேன்? எங்கூட்டுக்காரரு எய்ந்து வரும்போது அவன் மூஞ்சத்தான் மொதல்ல பாக்கணும், அவ்ளோதான் ஐயா. வெந்த காலோட கேட்டு வரைக்கும் எப்டி நடப்பாரோ, அதான் எனுக்கு பேஜாரா கீது.”

சாகும்வரை அம்மாவுக்கு அந்த ஒரு கவலைதான். அவள் போன பிறகு தோட்டத்தையும் வளைத்து ஆலையை நீட்டினார்கள். நைனாவின் மேல் இப்போது முதலாளியின் ஏசி அறை இருக்கிறது.

நான் அழவில்லை. நைனா இனி ஓர் அடிகூட நடக்க வேண்டாம்.