இருபத்திரண்டாவது நிமிடம்

போன புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, எங்கள் கல்லூரி கேண்டீனில் நான் கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

திருட்டு இல்லை. அதைவிட வெட்கக்கேடு. சொல்கிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகும் நான் ஒரு தனியார் கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் எடுப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். என் வீடு இருக்கும் ஜெலுத்தோங்கில் பஸ் ஏறினால் பதினான்காவது நிறுத்தம். பாடம் கட்டடப் பொறியியல். உத்தரம் எவ்வளவு எடை தாங்கும், எந்தப் பக்கம் வளையும், கம்பியை எங்கே போட வேண்டும் — இந்தக் கணக்குதான். இதே பாடத்தை இன்னொரு பிரிவுக்கு எடுப்பவர் டாக்டர் நஸ்ரீன். வயது முப்பத்தாறு. சூலியா தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். என் பிரிவில் 43 மாணவர்கள். அவர் பிரிவில் 47.

இந்த செமஸ்டரில் புதிதாக ஒரு உத்தரவு. வகுப்பில் நடத்துவதை அப்படியே ரெக்கார்ட் செய்து, கல்லூரி இணையதளத்தில் மாணவர்களுக்காகப் போட வேண்டும். சட்டையில் சின்ன மைக். பின்வரிசையில் ஒரு கேமரா. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே ஒரு எண்ணைப் போட்டார்களே... எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று!

எண்ணைக் கண்ணில் காட்டிவிட்டு என்னைச் சும்மா இரு என்றால் எப்படி?

என் நான்காவது பாடம்: 28. நஸ்ரீனின் நான்காவது பாடம்: 412.

இரண்டு பிரிவையும் சேர்த்தாலே 90 பேர்தான். அவருடைய 47 பேர் மட்டும் பார்த்து 412 வருமா? ஆளுக்கு எட்டு, ஒன்பது முறை பார்க்க வேண்டும். யார் பார்ப்பார்கள்? ஆக, என் வகுப்பில் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அவரைப் பார்க்கிறார்கள்! காலையில் என்னோடு, மாலையில் அவரோடு. துரோகம் என்று எழுதினால் அதிகம். வேறு சொல் கிடைக்கவில்லை.

இது போதாதென்று துறைத் தலைவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அடுத்த செமஸ்டரிலிருந்து இரண்டு பிரிவும் ஒன்றாகும். ஒருவர் மட்டுமே வகுப்பு எடுப்பார். அவருடைய வீடியோக்கள் மட்டுமே இணையதளத்தில் இருக்கும். மற்றவருக்கு வாரம் ஒரு மணி நேரம் பயிற்சி வகுப்பு. யார் என்பது வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும்.

முப்பத்தெட்டு வருடமாகப் பலகைக்கு முன்னால் நிற்கிறேன். பலகையைப் பிடுங்கினால் நான் எங்கே போய் நிற்பது?

அதனால் நஸ்ரீனின் பாடங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கற்றுக்கொள்ள அல்ல. குற்றம் கண்டுபிடிக்க. பக்கத்தில் ஒரு நோட்டு. முதல் பாடத்தில் 'ஓகே லா' — ஒன்பது முறை. இரண்டாம் பாடத்தில் மார்க்கரைக் கீழே போட்டார் — இரண்டு முறை. மூன்றாம் பாடத்தில் ஜோக் — நான்கு. அதில் இரண்டுக்கு நானே சிரித்துவிட்டேன். அதையும் எழுதி வைத்தேன், அவர்மேல் குற்றமாக.

"அந்தப் பொண்ணு பாடத்தையேவா மறுபடியும் பார்க்கிறீங்க?" என்றாள் என் மனைவி. "இந்த வயசுல பரீட்சை எழுதப் போறீங்களா?"

"ஆராய்ச்சி," என்றேன்.

"ஆராய்ச்சின்னா முகம் ஏன் இப்படிப் புளிச்சுப் போயிருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை காலை, காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகாமல் நான்காவது பாடத்தில் உட்கார்ந்தேன். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக் கணக்கு. இருபத்திரண்டாவது நிமிடத்தில் நிமிர்ந்தேன். மைனஸ் வர வேண்டிய இடத்தில் நஸ்ரீன் பிளஸ் போட்டிருந்தார்!

பின்னால் தள்ளிப் பார்த்தேன். பிளஸ்தான். மறுபடியும் பார்த்தேன். பிளஸ்தான். அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஒரு கோடுதானே என்று நினைக்காதீர்கள். பால்கனிக்குக் கம்பி மேல்பக்கம் போட வேண்டும். அந்தக் குறி மாறினால் கீழ்ப்பக்கம் போடுவார்கள். காகிதத்தில் போகும் மதிப்பெண் போகட்டும். கட்டடத்தில் போனால் பால்கனியே போய்விடும், நிற்கிற ஆளோடு.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை அந்தப் பாடத்தில் டெஸ்ட் என்பதும் தெரியும். உடனே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்காக மடித்து வைத்தேன்.

திங்கட்கிழமை வராந்தாவில் நஸ்ரீன் எதிரே வந்தார். "சாப்பிட்டீங்களா சார்?" "சாப்பிட்டேன்." செவ்வாய்க்கிழமை லிஃப்டில், ஐந்து மாடியும் நாங்கள் இரண்டே பேர். "மழை வரும்போல இருக்கு சார்." "ஆமாம், வரும்." ஐந்து மாடியில் ஒரு மைனஸைச் சொல்ல நேரமில்லையா எனக்கு?

புதன்கிழமை கேண்டீனில், நுரை ததும்பும் தே தாரிக் டீயோடு உட்கார்ந்திருந்தேன். நஸ்ரீன் தன் கோப்பையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"சார், நீங்கதான் என்னோட நம்பர் ஒன் ரசிகர் போல!"

"யார் சொன்னது?"

போனைத் திருப்பிக் காட்டினார். அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வீடியோ யாருடையதோ அவருக்கு, பார்த்தவர்களின் பட்டியல் முழுவதும் தெரியுமாம். முதல் வரியில் என் பெயர். இனிஷியலோடு. நான்காவது பாடம் — ஏழு முறை.

"கை தவறிப் பட்டிருக்கும்மா."

"ஏழு தடவையுமா சார்?"

கல்லாவில் இருந்த மேரி அக்கா விடுவாரா? "சாருக்குத் திரும்பவும் காலேஜ் படிக்கிற ஆசை வந்துருச்சு லா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதோடு முடிந்திருக்கலாம். நஸ்ரீன் விரலால் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினார்.

"இருபத்திரண்டாவது நிமிஷத்துல மட்டும் பதினொரு தடவை பின்னாடி போயிருக்கீங்க." சிரிப்பு மெல்ல இறங்கியது. "அங்க என்ன சார் இருக்கு?"

நான் கோப்பையைப் பார்த்தேன். நுரை அடங்கிக்கொண்டிருந்தது.

"சார்... நாளைக்கு டெஸ்ட்."

"பால்கனிக்குப் பிளஸ் போட்டிருக்கீங்க," என்றேன். "மைனஸ் வரணும்."

டிஷ்யூத் தாளில் அவசரமாகப் படம் போட்டுப் பார்த்தார். பேனா நின்றது. "அல்லா... நாற்பத்தேழு பேரும் இதைத்தானே எழுதுவாங்க!" பிறகு, நான் பயந்துகொண்டே இருந்த அந்தக் கேள்வி. "எப்ப சார் பார்த்தீங்க?"

நான் பதில் சொல்லத் தேவையே இல்லை. என் பெயருக்குப் பக்கத்திலேயே நாளும் நேரமும் இருந்தது. அவர் படித்தார். ஞாயிறு. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

இரண்டு மணிக்குத் திருத்த வீடியோ வந்துவிட்டது. நான்கு நிமிடம். "நான் செய்த தப்பு," என்று நேராகக் கேமராவைப் பார்த்துச் சொல்லி, மைனஸ் போட்டுக் காட்டினார். டெஸ்ட் ஒழுங்காக நடந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நஸ்ரீனே எழுந்தார். "என் பாடத்தில் ஒரு பிழை இருந்தது. சார் கவனித்துச் சொன்னார்." அவ்வளவுதான். ஞாயிறு என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. தலைவர் என் கூர்மையைப் பாராட்டினார். நஸ்ரீனின் நேர்மையையும் வேகத்தையும் பாராட்டினார். வகுப்பை அவருக்குக் கொடுத்தார். எனக்குப் புதன்கிழமை தோறும் பயிற்சி வகுப்பு.

அவர் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியிருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பேன். சொல்லாமல் விட்டதில் அதற்கும் வழியில்லை. பெருந்தன்மையிலுமா ஒருவர் நம்மை முந்த வேண்டும்?

அன்று சாயங்காலம் அலுவலகப் பையனைப் பிடித்து, என் வீடியோவுக்கும் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். நான்காவது பாடத்தின் எண் இப்போது 31 ஆகியிருந்தது; பார்த்தவர்கள் யார், யார்?

நான் — 26. எண் ஏறியிருக்கிறதா, வீடியோ ஓடுகிறதா என்று திறந்து திறந்து பார்த்தது. ஏற்றியதே நான்தான். ஒரு மாணவன் — 4. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்தில் ஓடிவிட்டான். மீதி ஒன்று?

நஸ்ரீன். புதன்கிழமை, பதினொன்றேகால் மணி. ஐம்பத்திரண்டு நிமிடமும், நான் இருமிய இடங்கள் உட்பட, எங்கேயும் தள்ளாமல் பார்த்திருக்கிறார். என் பால்கனிப் பாடத்தை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைத் திருத்தியிருக்கிறார்.

மனசு கொஞ்சம் இளகியது, உண்மை. உடனே அந்தத் திருத்தத்தின் எண்ணையும் பார்த்தேன். என் ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு 31. அதிலிருந்து அவர் எடுத்த நான்கு நிமிடத்துக்கு 388!

அந்த 388-ல் நான் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். அது நஸ்ரீனுக்குத் தெரியும்.