பதினெட்டுத் தலைக்கு ஒரு போசி

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு டிசம்பர் மாசம், ஏற்காட்டுல நடந்தது இது. இப்போ நினைச்சாலும் எனக்கு முதல்ல எரிச்சல்தான் வருது. யார் மேலன்னு கேட்டா, பாதிக்கு மேல என் மேலயேதான்.

எனக்குக் குரோஷா பின்னத் தெரியும். ஒரு கொக்கி ஊசியும் நாலு உருண்டை உல்லன் நூலும் இருந்தா குல்லா, மஃப்ளர், கைப்பை எல்லாம் பின்னிடுவேன். இது ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சு போனதுதான் வம்பாச்சு. மலையில குளிர் இறங்குச்சுன்னா போதும், ஆரம்பிச்சுடுவாங்க. நாத்தனாருக்கு ஒண்ணு, நாத்தனாரோட ஆபீஸ்ல கூட வேலை பாக்கிறவங்களுக்கு ஆறு. "சும்மா டிவி பாக்கிறப்ப கை சும்மாத்தானே இருக்குது, போட்டுக் கொடேன்"னு உரிமையாக் கேப்பாங்க. டிவி பாத்துக்கிட்டுக் கண்ணி எண்ணிப் பாருங்க, அப்பத் தெரியும். நாங்க முஸ்லிம் குடும்பம், கிறிஸ்துமஸ் எங்க பண்டிகைகூட இல்ல. ஆனா எங்க வீட்டுக்காரர் பேன்சி கடை வச்சிருக்காரு. ஏற்காட்டுல கடை வச்சவங்க எல்லாருக்குமே டிசம்பர் சீசன்தான்.

அந்த வருஷம் யாருக்கும் எதுவும் பின்ன மாட்டேன்னு முடிவு பண்ணி, ஊசியை பீரோவுல வச்சுப் பூட்டியே வச்சிருந்தேன். அப்பத்தான் அந்த டீச்சர் வந்தாங்க. நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்ல, தொழிலாளிங்க குடியிருக்கிற லைன் வீட்டுப் பிள்ளைங்களுக்கு சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுக்கிறவங்க. எஸ்டேட்ல கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பதினெட்டுப் பிள்ளைங்க டான்ஸ் ஆடப் போறாங்களாம். எல்லாருக்கும் தலையில ஒரே மாதிரி சிவப்புக் குல்லா இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னாங்க. நூலுக்கு எஸ்டேட்லயே பணம் தர்றதாச் சொன்னாங்க. மாட்டேன்னு சொல்றதுக்காக வாயைத் திறந்தேன். சரின்னு வந்துருச்சு. எப்பவும் இப்படித்தான், என் வாய் என் பேச்சைக் கேக்காது.

ஆனா ஒரு கண்டிஷன் போட்டேன். நானே வந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தலை அளவெடுப்பேன், குத்துமதிப்பா எல்லாம் பின்ன மாட்டேன்னு சொன்னேன். தொழில்ல நான் அவ்வளவு கறார்னு டீச்சருக்குத் தெரியட்டும்னு ஒரு பெருமை.

வியாழக்கிழமை பஸ் ஏறிப் போனேன். ஆறு வயசு, ஏழு வயசுப் பிள்ளைங்க வரிசையா நின்னாங்க. ஒவ்வொரு தலையிலும் ஒரு துண்டு நூலைச் சுத்தி, அந்த அளவுக்கு வெட்டி, பேர்ச் சீட்டு கட்டி டப்பாவுல போட்டேன். நாலாவதா ஒரு பொண்ணு வந்தா. ஏழு வயசு இருக்கும். ஏதோ ஒரு பெரிய ஆளோட ஸ்வெட்டர் போட்டிருந்தா, அது முழங்காலுக்குக் கீழ தொங்குச்சு. நான் நூலைச் சுத்தினதும் கண்ணை மேல உருட்டிப் பாத்துட்டு, "இது எதுக்குங்க அத்தை?"ன்னு கேட்டா.

"உன் தலைக்கு அளவாக் குல்லா பின்றதுக்கு, கண்ணு."

"என் தலைக்கு மட்டுமுங்களா?"

"ஆமா சாமி. வேற யாருக்கும் சேராது பாரு."

அவ பக்கத்துல நின்னவளைத் திரும்பி ஒரு பார்வை பாத்தா பாருங்க, ராணி மாதிரி. டீச்சர் அப்புறமா எங்கிட்டச் சொன்னாங்க. இந்தப் பிள்ளைங்களுக்குத் துணியெல்லாம் வெளியூர்ல இருந்து யார் யாரோ மூட்டை கட்டி அனுப்புறதுதான். எல்லாமே பெருசு. பள்ளிக்கூட யூனிபார்ம்கூட ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்துப் பெருசாத்தான் வாங்குவாங்க. இதுவரைக்கும் யாரும் இவங்களுக்குன்னு அளவெடுத்ததே இல்லன்னு சொன்னாங்க. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒரு கண்ணிகூடப் பிசகாமப் பின்னிக் கொடுக்கணும்னு நினைச்சுக்கிட்டே வீடு வந்தேன்.

இப்ப என் வேலை முறையைச் சொல்லணும். சொல்லவே வெக்கமா இருக்கு. வீட்டுல தலை கிடைக்காதில்ல, அதனால நான் பாத்திரத்துல போட்டுப் பாத்துத்தான் பின்னுவேன். கைக்குழந்தைக்குச் சொம்பு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சின்னப் போசி, பெரியவங்களுக்குப் பெரிய போசி. சோறு, குழம்பு வைக்கிற சில்வர் போசிதான். கவுத்து வச்சா அச்சு அசல் தலை. பின்னப் பின்ன அதுல மாட்டிப் பாத்துக்கிட்டே போகலாம். அன்னைக்கு அந்தப் பதினெட்டு நூலையும் எங்க சின்னப் போசியில சுத்திப் பாத்தேன். பத்துப் பன்னிரண்டு நூல் கச்சிதமா நின்னுச்சு, மத்தது ஒரு கண்ணி கூடக் குறைய. அப்புறம் என்ன, நூல் டப்பாவை மூடி அலமாரி மேல வச்சுட்டேன். போசி இருக்கிறப்ப நூல் எதுக்கு?

அடுத்த வாரம் பூரா பின்னினேன். போன் அடிச்சா எடுக்கல. நாத்தனார் வாட்ஸப்புல நீலக் கலர் குல்லா படம் அனுப்பினதைப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். பத்துக் குல்லா முடிஞ்சப்போ எங்க வீட்டுக்காரர் ஒண்ணை எடுத்துத் தன் தலையில வச்சுப் பாத்துட்டு, "சின்னப் பிள்ளைக்குன்னு சொன்ன, எனக்கே சேருதே"ன்னாரு.

"ஏனுங்க, உங்களுக்கு இதுல என்னங்க தெரியும்? உல்லன்னா இழுத்தா வரும். கடைக்குக் கிளம்புங்க"ன்னு அனுப்பிட்டேன். அவரும் தலையில இருந்ததைக் கழட்டி வச்சுட்டுப் போயிட்டாரு.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கிறப்போ பதினெட்டையும் பையில போட்டுக்கிட்டுப் போட்டுப் பாக்கப் போனேன். முதல் பிள்ளைக்குப் போட்டேன், மூக்கு வரைக்கும் இறங்குச்சு. சரி, இவன் தலைதான் சின்னதுன்னு அடுத்தவனுக்குப் போட்டேன். அவனுக்கும் கண்ணைக் காணோம். பதினெட்டும் அப்படியே. பிள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம், கண்ணு தெரியாம ஒருத்தரை ஒருத்தர் முட்டிக்கிட்டு நின்னாங்க. டீச்சர் பாவம், "ஓரத்தை மடிச்சு விட்டுக்கலாமுங்க, தெரியாது"ன்னு எனக்குச் சமாதானம் சொன்னாங்க.

அந்த ஸ்வெட்டர் பொண்ணு அதுக்குள்ள தன் குல்லாவை ரெண்டு மடிப்பு மடிச்சு, நெத்திக்கு மேல நிறுத்தி வச்சிருந்தா. நான் ஒவ்வொரு குல்லாவா இழுத்து இழுத்துப் பாக்கிறதைப் பாத்துட்டு, "பெருசா இருக்கிறதுதான் நல்லதுங்க அத்தை. வளந்தாலும் போட்டுக்கலாமுங்க"ன்னு சொன்னா. எனக்கே ஆறுதல் சொல்றா. வேற யாருக்கும் சேராதுன்னு நான் சொன்ன அன்னைக்கு அந்த மூஞ்சி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு. என்னைச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

"எல்லாத்தையும் கழட்டுங்க, வேற பின்னிட்டு வர்றேன்"னு சொன்னேன். சும்மாச் சொல்லியிருந்தாலும் பரவாயில்ல, எரிஞ்சு விழுந்து சொன்னேன். பிள்ளைங்களுக்கு என்ன புரியும், கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்குறாங்கன்னு நினைச்சுட்டாங்க. மூணு பேர் அழ ஆரம்பிச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்தா பதினேழுதான் இருக்கு. யாரு ஒளிச்சு வச்சிருப்பான்னு எனக்குத் தெரியும்.

கோபத்தை எங்கயாவது கொட்டணுமில்ல, வீட்டுக்காரர் மாட்டினாரு. "சேலத்துல நான் சொன்ன நூலை வாங்காம தடிமனா எதையோ வாங்கிட்டு வந்துட்டீங்க, அதான் பெருசாப் போச்சு"ன்னு பிடிச்சேன். அவர் பழைய உருண்டையோட சீட்டையும் புது உருண்டையோட சீட்டையும் பக்கத்துல வச்சுக் காட்டினாரு. ஒண்ணுதான். அப்பவும் நான் விடல. அன்னைக்கு முழுக்க அவருக்குச் சோறு வச்ச சத்தம் அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில பக்கத்து வீட்டு அக்கா வந்தாங்க. அவங்க கிறிஸ்துமஸ் பலகாரம் சுட்டு ஊரெல்லாம் கொடுத்து அனுப்புற ஆளு. வாசல்லயே நின்னு, "ஏங் கண்ணு, எம்போசி ஒண்ணு உங்கூட்டுக்கு வந்துருச்சாட்டம் இருக்குது. உன்ற போசி எங்கூட்ல கெடக்குது, பாரு"ன்னு ஒரு போசியை நீட்டினாங்க.

வாங்கிப் பாத்தேன். ஓரத்துல என் பேர் வெட்டியிருந்துச்சு. உள்ள போய், ஒரு வாரமா நான் தலைன்னு நம்பிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்த போசியைத் திருப்பினேன். அதுல அக்கா பேர். அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. தலை அளவெடுத்துட்டு வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, அக்கா வீட்டுக்கு அதே சின்னப் போசியில நெய்ச்சோறு கொடுத்து விட்டிருந்தேன். ஏனத்தை வெறுசாத் திருப்பிக் கொடுக்கக் கூடாதுன்னு அவங்க ஞாயித்துக்கிழமை முறுக்கு போட்டு அனுப்பினாங்க. ஆனா வந்தது அவங்களோட போசி. ரெண்டும் ஒரே கடை, ஒரே மாடல், அவங்களுது ரெண்டு விரல் அகலம் கூட. நான் முறுக்கைத் தின்னுட்டு, கழுவிக் கவுத்து, திங்கக்கிழமை பின்ன உக்காந்துட்டேன். அந்த டப்பாவைத் திறந்து ஒரே ஒரு நூலை எடுத்துச் சுத்திப் பாத்திருந்தா முடிஞ்சிருக்கும். தொழில்ல கறாராம் நானு.

வீட்டுக்காரர் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு. "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு ரெண்டு வார்த்தை சண்டை போட்டிருப்பேன். அவர் பாட்டுக்கு ஒரு குல்லாவை எடுத்து நுனியைத் தேடி, நூலைப் பிரிக்க ஆரம்பிச்சாரு. அக்காவும் அவங்க வீட்டு அடுப்புல இருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கி வச்சுட்டு வந்து உக்காந்தாங்க. "எம்போசியால வந்த வெனை, நாம் பிரிக்காம யாரு பிரிக்கிறது?"ன்னாங்க. நான் ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேக்கல. டீ போட்டுக் கொடுத்தேன்.

பிரிச்ச உல்லன் சுருட்டை முடி மாதிரி நிக்கும். அதைத் தண்ணியில நனைச்சு, காய வச்சு, திரும்ப உருண்டை பண்ணணும். டிசம்பர்ல ஏற்காட்டுல எது காயும்? அடுப்புக்கு மேல கொடி கட்டித் தொங்க விட்டோம். எட்டு நாள்ல பதினேழையும் திரும்பப் பின்னினேன். இந்தத் தடவை போசியே இல்ல, டப்பாவுல இருந்த அளவு நூல் மட்டும்தான். ஒவ்வொரு குல்லாவுக்குள்ளயும் அந்தப் பிள்ளையோட பேர்ச் சீட்டை அளவு நூலோடயே செருகி வச்சேன். கடைசியா மிச்சம் மீதி நூலைச் சேர்த்து அந்த ஸ்வெட்டர் பொண்ணுக்கும் ஒண்ணு பின்னினேன். அவளோடதைத்தான் நான் ரொம்பப் பாத்துப் பாத்துப் பின்னினேன். ஒளிச்சு வச்சதுக்குத் திட்டணும்னும் நினைச்சிருந்தேன்.

விழா எஸ்டேட்ல காப்பி காய வைக்கிற களத்துல. டான்ஸுக்கு முன்னாடி ஒவ்வொரு பிள்ளையாக் கூப்பிட்டுப் போட்டு விட்டேன். பதினேழும் அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு, அளவெடுத்ததுதானே. ஒரு பையன் தலையை ஆட்டோ ஆட்டுன்னு ஆட்டிப் பாத்தான், விழல. எனக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

கடைசியா அவ வந்தா. தலையில அந்தப் பழைய பெரிய குல்லா, மூணு மடிப்பு. நான் எதுவும் திட்டல, அதைக் கழட்டிட்டுப் புதுசைப் போட்டு விட்டேன். காதை மூடி, புருவத்துக்கு மேல அழகா நின்னுச்சு. அவ ரெண்டு கையாலும் தலையைத் தொட்டுப் பாத்தா. முன்னால தொட்டா, பின்னால தொட்டா. மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"அத்தை, இது சின்னதாப் போச்சுங்க."

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. இத்தனை பாடு பட்டு, மறுபடியும் தப்பா? விரலை உள்ள விட்டுப் பாத்தேன், தாராளமாப் போகுது. அவ பேர் கட்டின நூலை எடுத்துச் சுத்திப் பாத்தேன். ஒரு இழைகூட வித்தியாசம் இல்ல.

"எங்க கண்ணு இறுக்குது?"ன்னு கேட்டேன்.

"இறுக்கலீங்க. ஆனா தலையில ஒட்டிக்கிட்டே இருக்குதுங்க"ன்னா.

அளவா இருந்தா அப்படித்தான் இருக்கும்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியல. ஏழு வயசுல அன்னைக்குத்தான் முதல் தடவையா அளவா ஒண்ணைப் போட்டிருக்கா. அவ குல்லாவை மெதுவாக் கழட்டி, கசங்காம ரெண்டு கையிலயும் வச்சுக்கிட்டு, "இதை எந்தம்பிக்கு வச்சுக்கட்டுங்களா? அவந்தான் சின்னவன்"னு கேட்டா. சரின்னு தலையாட்டினேன். அவ பெரிய குல்லாவை எடுத்து மாட்டி, மூணு மடிப்பு மடிச்சுக்கிட்டுச் சந்தோஷமா ஆடப் போயிட்டா.

அன்னைக்கு எனக்கு வந்த கோபத்தை எங்க கொட்டுறதுன்னு இன்னும் தெரியல. அது அவ மேல இல்ல, போசி மேலயும் இல்ல. மூட்டை கட்டிப் பழசை அனுப்புறவங்க வரிசையில நானும் எத்தனையோ தடவை நின்னிருக்கேன், "ஏதோ ஒண்ணு, போட்டுக்கட்டும்"னு நினைச்சிருக்கேன். இப்பல்லாம் யாருக்கு என்ன கொடுத்தாலும், அவங்களுக்குன்னே கேட்டு, அவங்களுக்குன்னே அளவெடுத்துத்தான் கொடுக்கிறேன். "பெருசா இருந்தாலும் பரவாயில்லீங்க"ன்னு யாராவது சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா மட்டும், அது நல்ல மனசுன்னு என்னால நம்ப முடியறதில்ல, இப்படி வாங்கிக்க நாமதான் அவங்களைப் பழக்கப்படுத்திட்டோம்னு தோணுது.