என் முதுகு பதினைந்து அங்குலம்

வியாழன், காலை 5.20. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் வெள்ளவத்தையில், காலி வீதி ஓரத்தில் என்னை இறக்கிவிட்டது. ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர், ரிக்கெற் 2,800 ரூபாய். படியில் நின்று என் பையை எட்டிக் கொடுத்த நடத்துநர், "அக்கா, உதுக்குள்ள என்ன, அம்மிக்கல்லே?" என்று கேட்டார். கமெரா என்றேன். நான் அதைத் தோளில் ஏற்றி நிமிர்வதற்குள் பஸ் போய்விட்டது.

நிமிர்வது இப்போது எனக்கு ஒரு தனி வேலை. இருபத்தொரு வருடமாக யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஸ்ரூடியோ வைத்துக் கலியாண வீட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடைசி இரண்டு வருடமாக நாரி வலி, இடுப்புக்கு மேலே முதுகின் அடியில். டொக்டர் எக்ஸ்றே பிடித்துப் பார்த்துவிட்டு, "பாரம் தூக்குற தொழிலை விட்டால் நல்லது. விடமாட்டீங்கள் எண்டால் நல்ல பாக் ஒண்டாவது பாத்து வாங்குங்கோ" என்றார். விடுவதென்றால் ஸ்ரூடியோவுக்குள் கதிரை போட்டிருந்து பாஸ்போட் படம் எடுக்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாள் முழுக்க "நாடியைப் பதியுங்கோ, சிரிக்காதேங்கோ" என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை காணாது. சனங்கள் சிரிக்கிற இடத்தில்தான் என் தொழில்.

ஆகவே எனக்கு நானே ஒரு தவணை வைத்தேன். சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம். அதற்குள் கொழும்பில் ஒரு முதுகுப் பை வாங்கி, அன்றைய வேலையை அதோடு செய்து பார்ப்பது. வவுனியாவிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு நாள் கலியாணத்துக்குக் கேட்டிருந்தது. மூத்த மகளின் கலியாணத்துக்கும் நான்தான் எடுத்தேன். "சனி பின்னேரம் சொல்லுறன்" என்று செய்தி அனுப்பியிருந்தேன். நாரி தாங்காவிட்டால் அவர்களுக்கு இல்லை என்று சொல்வது, அத்தோடு கலியாண வேலையை நிறுத்துவது. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

காலை 7.00. தங்கியது மச்சாள் வாசுகி வீட்டில். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடி, லிஃப்ற் இருக்கிறது, வேலை செய்யாது. தேத்தண்ணி குடித்த கையோடு பையின் நிறை பார்த்தோம். வெள்ளவத்தையில் உப்பு முடிந்துபோன வீடு இருக்கலாம், விமானப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு இல்லாத வீடு கிடையாது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் திரும்பிப் போகையில் மிளகாய்த்தூளையும் புழுக்கொடியலையும் அதில்தான் தூக்கிப் பார்ப்பார்கள். இரண்டு கமெரா, நான்கு லென்ஸ், இரண்டு ஃபிளாஷ், பற்றரி, சார்ஜர் எல்லாம் எட்டுக் கிலோ எழுநூறு.

விலை உயர்ந்த சாமானை மழையில் கடை கடையாகக் காவித் திரிய எனக்கு மனமில்லை. கமெராக்களை வாசுகியின் அலுமாரிக்குள் பூட்டினேன். பதிலுக்குப் பையின் உள்ளே இருக்கும் மெத்துப் பெட்டியில் அரிசி, சீனி, பருப்புப் பைக்கற்றுகளை அடுக்கி அதே எட்டு எழுநூறுக்குக் கொண்டுவந்தேன். வெறும் பையைக் கொழுவிப் பார்த்து வாங்குவது மாப்பிள்ளையைப் படத்தில் மட்டும் பார்த்து ஓம் சொல்வது மாதிரி.

வாசுகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "உமக்கு என்ன விசரே, மச்சாள்? உந்த பாக் லண்டன் சாமான். உமக்கு அண்ணா அனுப்பினது. இதை விட நல்லது இஞ்சை எங்கை கிடைக்கும்?"

"நாரி வலிக்குது."

"அது வயசு. பாக் என்ன செய்யும்?"

அண்ணா மாதத்துக்கு ஒரு தடவையாவது "பாக் எப்பிடிக் கிடக்கு?" என்று கேட்பார். நானும் "சோக்காய்க் கிடக்கு" என்பேன். அவ்வளவு காசு கொடுத்து அனுப்பியவரிடம் வேறு என்ன சொல்வது? வாசுகி தன் தம்பி கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன பையையும் எடுத்துத் தந்தாள். மாட்டிப் பார்த்தேன். இடுப்புப் பட்டி தொடையில் வந்து நின்றது. நான் ஐந்தடி. எனக்கு என் உயரத்தின் மேல்தான் ஆத்திரம் வந்தது.

காலை 10.00. காலி வீதியில் நான்கு கடை ஏறி இறங்கினேன். பள்ளிப் பிள்ளைகளின் பைகளும் மடிகணினிப் பைகளும் நிறைய. என் சோதனை எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதலில் தோள்பட்டி பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பார்ப்பேன். அந்த இடத்தில் சதுரமாகத் தைத்து உள்ளே குறுக்கும் மறுக்குமாகப் பெருக்கல் குறி போல நூல் ஓடியிருக்க வேண்டும், ஒற்றைத் தையலென்றால் ஒரு மாரிக்குத் தாங்காது. பிறகு சிப். கடற்காற்றில் உலோகச் சிப் ஆறு மாதத்தில் இறுகிப்போகும். பிளாஸ்ரிக் பல் நல்லது. கடைசியாக அரிசிப் பெட்டியை உள்ளே வைத்துக் கடைக்குள் பத்து நிமிடம் நடப்பேன். மூன்றாவது கடையின் முதலாளி, "அக்கா, நடக்கிறதெண்டால் கடற்கரைக்குப் போகலாமே" என்றார். போகலாம், உங்கள் பையைத் தருவீர்களா என்று கேட்டேன்.

பிற்பகல் 2.30. ஓட்டோவில் நுகேகொடைக்குப் போனேன், ஐந்து கிலோமீற்றர் வரும், 620 ரூபாய். அங்கே ஒரு பெரிய கடையில் கமெராவுக்கென்றே செய்த பைகள் இருந்தன. விலை 34,000. விற்பனைக்கு நின்றவர் என் பெட்டியைத் திறந்தார். "மேக்கே ஹால்த?" என்றார். இதற்குள் அரிசியா என்று சிங்களத்தில் கேட்கிறார். ஓம், அரிசிதான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பை நல்ல பைதான், தையல் சுத்தம், உள்ளே அறை அறையாகப் பிரித்திருந்தது. கால் மணித்தியாலம் நடந்ததும் நாரியில் அதே இடத்தில் அதே வலி. முப்பத்துநாலாயிரத்துக்கும் வலி ஒன்றுதான் என்றால் பிழை என் உடம்பில்தான் என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கு இராச் சாப்பாட்டில் மனம் போகவில்லை.

வெள்ளி, காலை 9.45. கலியாணம் நடக்கப்போகும் தேவாலயத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் விழுகிறது என்று பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கோட்டை வரைக்கும் பஸ், பிறகு ஓட்டோ. அரிசியும் கூடவே வந்தது, ஒரு வீம்புதான். தேவாலயத்தைப் பார்த்து முடித்து ஜம்பட்டா வீதிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது வலி காலுக்கு இறங்கிவிட்டது. ஒரு பைக்கடை வாசலில் ஸ்ரூல் ஒன்றைக் கண்டேன். கேட்காமல் போய் இருந்துவிட்டேன்.

கடையை நடத்துகிறவர் செல்வி. முப்பத்தைந்து வயது இருக்கும், சொந்த ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய பைகளை வாங்கி விற்கிறார். கம்பனியின் பெயர் தெரியாமலிருக்க லேபிளை வெட்டித்தான் கொடுப்பார்களாம். தண்ணீர் தந்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, எந்திரிச்சு நில்லுங்க. பேக்க மாட்டுங்க."

மாட்டினேன்.

"இது யாரு பேக்கு?"

"என்ரதுதான். அண்ணா அனுப்பினவர்."

"அண்ணன் ஒசரமா?"

"ஆறடி."

செல்வி மேசை லாச்சியிலிருந்து தையல் நாடாவை எடுத்தார். என்னைத் தலை குனியச் சொல்லி, பிடரிக்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கும் எலும்பில் நாடாவின் நுனியை வைத்தார். இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை இழுத்தார். பதினைந்து அங்குலம். பிறகு பையின் தோள்பட்டி தொடங்கும் இடத்திலிருந்து இடுப்புப் பட்டி வரை அளந்தார். பத்தொன்பதரை.

"பேக்குல கொறை இல்லக்கா. ஒங்க முதுகுலயும் கொறை இல்ல. ரெண்டுக்கும் அளவு ஒத்துவரல, அவ்வளவுதான். கேமரா பேக்கெல்லாம் ஒசரமான ஆம்பளைங்களுக்குத் தைக்கிறது."

நாடாவைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தார். "சின்ன வயசுல ஒரு நாளு எங்கம்மாவோட கொழுந்துக் கூடைய மாட்டிக்கிட்டு மலைக்குப் போனேன். கயிறு அவங்க ஒசரத்துக்குக் கட்டுனது. மத்தியானத்துக்குள்ள எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. வேல தெரியாத புள்ளன்னு கங்காணி ஏசுனாரு. வேல எல்லாம் தெரியும். கயிறுதான் நீளம். தோட்டத்துல ஒருத்தர் கூடைய இன்னொருத்தர் தூக்க மாட்டாங்க."

வலி தொடங்கி இரண்டு வருடம். லண்டன் பை வந்து இரண்டு வருடமும் இரண்டு மாதமும். நான் கணக்கில் மோசமில்லை, ஆனாலும் இந்த இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வெளிநாட்டுச் சாமானில் பிழை வராது, வந்தால் பிழை எங்களில்தான் என்று எங்கள் வீடுகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. தானாகவே பழகிவிடும். எனக்கு என்மேல் வந்த கோபத்தில் வாசலில் நின்று சிரித்துவிட்டேன்.

செல்வி மேல் தட்டிலிருந்து சாம்பல் நிறப் பையொன்றை இறக்கினார். பெண்கள் மலையேறுவதற்கென்று தைத்தது. முதுகுப் பக்கம் முழுவதும் கதவு போலத் திறக்கும், ஆகவே பஸ்ஸில் பின்னால் நிற்கிறவர் கையை உள்ளே விட முடியாது. சிப் பிளாஸ்ரிக், பட்டியின் அடியில் பெருக்கல் தையல், மழை உறை அடியில் மடித்து வைத்திருந்தது. என் பழைய பையின் மெத்துப் பெட்டியை அரிசியோடு உருவி இதற்குள் தள்ளினோம். மட்டுமட்டாக உள்ளே போனது, ஒரு பருப்புப் பைக்கற்றை மட்டும் எடுத்துப் பக்கப் பைக்குள் வைத்தோம். "மொதல்ல இடுப்பக் கட்டுங்க. பொறகுதான் தோளு" என்றார். நான் இருபத்தொரு வருடமும் முதலில் தோளைத்தான் இறுக்கினேன்.

"நடந்து பாக்கலாமோ? கடைக்குள்ள இல்லை, றோட்டில."

"போய்ட்டு வாங்க. பழைய பேக்கு இங்க இருக்கில்ல."

தேவாலயம் வரை போய் ஹெட்டியாவத்தைப் பக்கம் சுற்றித் திரும்பி வந்தேன். இரண்டு கிலோமீற்றருக்குக் கிட்ட, நாற்பத்தைந்து நிமிடம். நல்ல வெயில். பாரம் இடுப்பில் இருந்தது, தோள் சும்மா கூட வந்தது. ஒரு இடத்தில் வலி வரவேண்டும் என்று காத்துக்கொண்டே நடந்தேன். வரவில்லை. விலை 9,500, செல்வி 9,000க்குத் தந்தார். ஆனாலும் நாற்பத்தைந்து நிமிடம் வேறு, ஒரு முழு நாள் கலியாணம் வேறு. அதனால் நான் இன்னும் ஒன்றையும் நம்பவில்லை.

சனி, காலை 8.10. தேவாலய வாசலில் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். காவலுக்கு நின்ற பொலிஸ் பெண் "அரின்ன" என்றார், திறக்கச் சொல்கிறார். முதுகுக் கதவை ஒரே இழுவையில் திறந்து காட்டினேன். கமெரா, லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் கண்ணுக்கு முன்னால். பக்கப் பையிலிருந்து அவர் ஒரு பைக்கற்றை வெளியே எடுத்தார். அரைக் கிலோ மைசூர்ப் பருப்பு. "பரிப்பு?" என்றார். நிறைக்கு வைத்தது, எடுக்க மறந்துவிட்டேன் என்று சிங்களத்தில் விளக்க முடியாமல் நானும் "பரிப்பு" என்றே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு அதை இருந்த இடத்திலேயே வைத்தார்.

அதன்பிறகு நேரம் எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. பாடகர் குழு நிற்கும் மேல்மாடத்துக்கு இரண்டு தடவை ஏறினேன். மோதிரம் மாற்றும்போது மணமகன் மணமகளின் விரலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏதோ சொன்னான், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்தேன். முழங்காலில் நின்று பிடித்தேன். போன வருடமென்றால் முழங்காலில் நிற்க யோசித்திருப்பேன், எழும்ப யாரையாவது பிடிக்க வேண்டியிருக்கும். மண்டபத்தில் குடும்பப் படம், கேக் வெட்டு, சாப்பாடு, பிறகு ஆட்டம்.

பிற்பகல் 4.40. மண்டபத்து வாசலில் ஓட்டோ பிடித்தேன், வெள்ளவத்தைக்குப் பத்துக் கிலோமீற்றர் வரும், 1,150 ரூபாய். கொட்டாஞ்சேனை நெரிசலைத் தாண்டியதும் சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அக்கா, அந்த பேக்கைக் கழட்டி வச்சிட்டு ஆறுதலா இருங்களேன். நுனியில இருந்து விழுந்திடுவீங்க."

நான் சீற்றின் நுனியில் இருந்தேன். பை முதுகில்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கமெராவையும் மிச்சச் சாமான்களையும் உள்ளே வைத்து மாட்டியது, மற்றக் கமெராவைக் கையில் வைத்திருந்தேன். கழற்றவே இல்லை. எவ்வளவு நேரம்? இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். இரண்டு வருடமாக, ஒரு பையை மாட்டினால் எப்போது இறக்கி வைப்போம் என்று மணிக்கூடு பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இன்றைக்கு அது இருப்பதே எனக்கு நினைவில்லை. கண் கலங்கிவிட்டது. சாரதிக்கு என்ன விளங்கியதோ, "கலியாண வீட்டில ஏதும் பிரச்சினையாக்கா?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை தம்பி. எல்லாம் நல்லாய் நடந்தது."

பழைய பையை வாசுகியிடம் விட்டுவிட்டுப் போவதாக இருக்கிறேன். அரிசி போட்டு வைக்க நல்ல பை என்று அவளே சொல்லிவிட்டாள். யாழ்ப்பாணத்தில் தெருக்கள் தட்டை, தூரம் குறைவு, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு போய்விடலாம். அங்கேயே இருந்திருந்தால் நான் என் முதுகைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். அதை அளந்து பார்க்க எனக்குக் கொழும்பு வரை வரவேண்டியிருந்தது. அண்ணா இனிக் கேட்டால் உண்மையைச் சொல்வேன். கொஞ்சம் கோபிப்பார், பரவாயில்லை.

காலி வீதிக்கு ஏறியதும் கடற்காற்று அடித்தது. பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தேன். வவுனியாவுக்கு எழுதினேன்: "வாறன். ரெண்டு நாளும்."