எம்.எல்.ஏ. வீட்டு வயல்

என் அப்பா ஒரே ஒரு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்தார், தொண்ணூறுகளின் பிற்பாதியில். அதன் பிறகு சாகிற வரைக்கும் முன்னாள் எம்.எல்.ஏ. அவரைப் பற்றி இன்றும் கம்பம் பக்கத்தில் யாராவது பெருமை பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுற்றி வளைத்துக் கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள்: "தன் வயலுக்குக் கடைசித் தண்ணி பாய்ச்சுன மனுசன்." தன் வயலாம்! அது என் அம்மாவின் வயல். அவளைப் பெற்ற அய்யா கல்யாணத்தின்போது எழுதிக் கொடுத்த ஒன்றரை ஏக்கர் நஞ்சை.

எங்கள் வாய்க்காலில் அது இரண்டாவது மடை. மலையிலிருந்து லோயர் கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீர் இறங்கியதும் ஊர்க்கூட்டம் போட்டு முறை வைப்பார்கள். மேல்மடையில் தொடங்கி வரிசையாகக் கீழே போகும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஊரில் யாருக்காவது பதவி கிடைத்தால், வயல் எங்கே இருந்தாலும் முதல் தண்ணீர் அவருக்கு. மாலை போடுகிற மாதிரி அது ஒரு மரியாதை. சொசைட்டித் தலைவர்கூட அதை வாங்கிக்கொண்டார்.

அப்பா ஜெயித்து வந்த அன்று பாராட்டு மேடையில் முதல் தண்ணீர் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மைக்கைப் பிடித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. "கடைமடைக்காரன் பாய்ச்சுன பெறகு எங்க வயலுக்கு வரட்டும். கடைசித் தண்ணி எங்களுக்கு!" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அந்தச் செய்தி, ஊரோடு சேர்த்துத்தான் தெரிந்தது.

அவர் சட்டசபையில் பெரியாற்றுத் தண்ணீருக்காகத் தொண்டை கிழியப் பேசினார். மலையடிவாரத்து ஊர்களுக்கு பஸ் விட வைத்தார். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வாங்கித் தந்தார். ஒரு ரூபாய் லஞ்சம் வாங்கவில்லை. எதையும் நான் மறுக்கவில்லை. அவர் சென்னையில் பேசிக்கொண்டிருந்தபோது இங்கே அம்மாவின் நாற்று முற்றிப் போனது. முறை எங்கள் மடைக்கு வந்து சேர்வதற்குள் மற்ற வயல்களில் நடவு முடிந்து களையெடுத்திருப்பார்கள். தண்ணீர் குறைந்த வருஷத்தில் வரவே வராது. இருபோக நிலம் ஒருபோகமானது. அம்மா கேட்டால், "ஊரே பாக்குதுடி, ஒரு அஞ்சு வருசம் பொறுத்துக்க" என்பார். தன்னுடையதைக் கொடுத்தால் தியாகம். பெண்டாட்டியுடையதை அவளைக் கேட்காமல் கொடுத்துவிட்டு மாலை வாங்கிக்கொள்வதற்கு என்ன பெயர்?

அடுத்த தேர்தலில் தோற்றார். வாசலில் கிடந்த செருப்புக் கூட்டம் ஒரே வாரத்தில் காணாமல் போனது. அம்மா மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். அந்த வருஷம் முறை வைக்கிற கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பெண்கள் போகிற இடமல்ல அது. "அவுக பதவி முடிஞ்சிருச்சு. என் மொறைய எனக்குக் குடுங்க" என்றாள்.

கூட்டத்தலைவர் மீசையைத் தடவினார். "அவுக மேடையில சொன்னாக, தாயி. அதை நாங்க மாத்துனா நாலு பேரு காறித் துப்ப மாட்டானா?" மூன்றாவது மடையிலிருந்து கடைசி மடை வரை அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஆளுக்கு ஓர் இடம் முன்னால் வந்து ருசி கண்டவர்கள். அப்பாவுக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா அவரைப் பார்த்தாள். 'விட்டுக்கொடுங்கப்பா' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அவர் எழுந்து துண்டைச் சரிசெய்தார். "சொன்ன சொல்லுல நான் நிக்கிறேன்" என்றார். தோற்றுப்போன மனுசனுக்கு அங்கே மறுபடி ஒரு கைதட்டல் கிடைத்தது.

"சொல்லு ஒங்களுது. வயலு என்னுது" என்றாள் அம்மா. "மதினிக்கு வர்ற கோவத்தப் பாரு" என்று எவனோ சிரித்தான். அவன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன்.

மேலும் சில வருஷம் அம்மா அந்த நிலத்தோடு மல்லுக்கட்டினாள். முடியாமல் தேவாரம் ஊர் வியாபாரி ஒருவருக்கு விற்றாள். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட அப்பா வெள்ளை வேட்டியில் வந்தார்.

அடுத்த போகத்தில் நானும் அம்மாவும் அந்த வழியே போனோம். கீழ்வயல்கள் காய்ந்து கிடக்க, எங்கள் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. கணுக்கால் தண்ணீரில் பெண்கள் பாட்டும் சிரிப்புமாக நட்டார்கள். மடையில் நின்ற நீர்பாய்ச்சியிடம் அம்மா கேட்டாள், "இங்கன எப்படி இதுக்குள்ள தண்ணி வந்துச்சு?"

"புது ஆளுக்கு எதுக்கு ஆத்தா கடைசித் தண்ணி? ரெண்டாவது மடைக்கு ரெண்டாவது மொறைதான! அவரு கேக்கக்கூட இல்ல, கூட்டத்துல அவுகளாவே குடுத்துட்டாக."

வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவிடம் அதை அப்படியே சொன்னாள். பேப்பரை மடக்காமலே கேட்டார். "நல்லதுதான். நம்ம ஊர்க்காரங்க நியாயத்துக்குக் கட்டுப்பட்டவங்க" என்றார்.

மத்தியானம் வழக்கம்போல அவர்தான் முதலில் வந்து உட்கார்ந்தார். அம்மா எனக்குத் தட்டு வைத்தாள். தம்பிக்கு வைத்தாள். தனக்கும் வைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள். அவர் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு?" என்றார் கடைசியில்.

"நாங்க முடிச்சுக்கிறோம். அதுக்குப் பெறகு ஒங்களுக்கு" என்றாள் அம்மா. "சொன்ன சொல்லுல நில்லுங்க."