நிரந்தரமாக நீக்கவா?

அனுப்ரியா அளந்து பேசுவாள். கதை அளக்க மாட்டாள். அவள் சொன்னதால்தான் இதை நான் நம்பினேன்.

ஃபேரர் பார்க்கில் விசாலாட்சி ஆன்ட்டி வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். சொந்த ஊர் தஞ்சாவூர். கடல் தாண்டி இங்கே வந்தது ஆய்வுக்கூட வேலைக்கு. மடிக்கணினியை ஆன்ட்டிதான் கொடுத்தார்.

"முன்னாடி இந்த ரூம்ல இருந்த தம்பியோடது. சும்மாதான் கிடக்கு, எடுத்துக்க லா."

அதில் எல்லாமே தமிழில் வந்தது. மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. பல நாள் அவளிடம் பேச அது ஒன்றுதான் இருந்தது. திரையில் வருவதை வாய்விட்டுப் படிப்பாள். அறையில் ஒரு குரலாவது கேட்கட்டும் என்று.

அன்று ஞாயிறு மதியம். ஆன்ட்டி தோ பாயோ கோயிலுக்குப் போயிருந்தார். மாலைக்குள் ஆய்வறிக்கையை அனுப்பினால்தான் வேலை நீடிக்கும். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அறிக்கை சேமிக்க மறுத்தது. மடிக்கணினியின் வட்டில் இடமில்லை.

வேண்டாத கோப்புகளை அழித்தாள். அழித்தவை போய் விழும் தொட்டியையும் காலி செய்யப் போனாள்.

"நிரந்தரமாக நீக்கவா?" வாய்விட்டுப் படித்தாள். 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

இடம் கூடவில்லை. குறைந்திருந்தது.

தொட்டியில் ஒரு படம் கிடந்தது. அவள் போட்டதில்லை. இதே அறை. இதே மேசை. காலி நாற்காலி.

"நிரந்தரமாக நீக்கவா?" ஆம்.

மறுபடியும் படம். இப்போது நாற்காலியில் ஒருத்தி. முதுகு மட்டும் தெரிந்தது. பச்சைச் சட்டை...

அனுப்ரியா குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள்.

படம் கட்டிலில் இருந்து எடுத்தது.

கிரீச்...

கட்டிலை விட்டு யாரோ எழுந்தார்கள்.

அவள் திரும்பவில்லை.

"நிரந்தரமாக..." என்று படிக்கத் தொடங்கினாள்.

காதருகே மூச்சு.

"நிரந்தரமா?"

ஆண் குரல். ஆசையாகக் கேட்டது.

"ஆமா... ஆமா..." என்றபடி அழுத்தினாள்.

அப்புறம் ஒன்றுமில்லை. பாதி வட்டு காலியாகிவிட்டது. அறிக்கை போய்ச் சேர்ந்தது. வேலையும் நிலைத்தது.

ஆன்ட்டி வந்ததும் கேட்டாள். "அந்தத் தம்பி இப்ப எங்க ஆன்ட்டி?"

ஆன்ட்டி பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சுந்தரேசனா? அந்தக் கட்டில்லதான்மா... தூக்கத்துலயே போயிட்டான். நீ பயப்படுவேன்னு சொல்லல. இங்கேயே தங்கணும்னு பி.ஆர்.க்கு எத்தனை தடவை மனு போட்டான், பாவம். பி.ஆர்.னு சொல்லவே மாட்டான், நிரந்தரவாசம்னுதான் சொல்வான், தமிழ்ப் பைத்தியம். நான் தபால் எடுத்துட்டு வந்தா போதும், ஓடி வந்து ஒண்ணுதான் கேப்பான்."

"என்னன்னு?"

"'ஆன்ட்டி, நிரந்தரமா?'ன்னு."

இப்போது அனுப்ரியா பொங்கோலில் இருக்கிறாள். புதுக் கணினி, புது அறை, புதுக் கட்டில். எதையும் வாய்விட்டுப் படிப்பதில்லை. ஆனாலும் அவள் மேசையில் உட்கார்ந்ததும் பின்னால்...

கிரீச்.

அவனுக்கு 'ஆமா' சொன்னது அவள்தானே.