கடை மூடாத தெரு

ஆஸ்பத்திரியில் அவளுக்கு விலைக்காரி என்று பெயர். மண்டை உடைந்து வந்து விழுகிறவனிடம் போய், ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தாய், வேலைக்குப் போகாவிட்டால் எவ்வளவு கூலி போகும் என்று கேட்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஒருவன் அவள் முகத்திலேயே ரத்தத்தோடு காறித் துப்பினான். துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதற்குத்தானே சம்பளம்.

விஷயம் இதுதான். சந்தைத் தெரு மதுக்கடையைச் சோதனைக்காகப் பொழுது சாய்ந்ததும் மூட வைத்திருந்தார்கள். ஆலைத் தெருக் கடை வழக்கம்போல நள்ளிரவுவரை. எந்தத் தெருவிலிருந்து அடிபட்டு அதிகம் வருகிறார்கள், சீக்கிரம் மூடினால் போகிற வரியைவிட மிச்சமாகும் வைத்தியச் செலவும் கூலியும் பெரிதா என்று பார்க்க வேண்டும். பெரிதென்றால் ஊர் முழுக்க மூடுவார்கள்.

அவள் தங்கை வாழ்க்கைப்பட்டது ஆலைத் தெருவில். தங்கை புருஷன் வெல்டிங் பட்டறைக்காரன். பகலில் தங்கமான மனுஷன், சும்மா சொல்லக்கூடாது. குடித்துவிட்டால் கையில் கிடைத்ததை எடுத்து வெளுத்து வாங்குவான். ஒரு தரம் புருவம் கிழிந்தது, ஒரு தரம் முன்பல் போனது. ஒவ்வொரு தரமும் தங்கை அக்காவின் எதிரில்தான் வந்து உட்கார்ந்தாள். அக்கா அழுகையை விழுங்கிக்கொண்டு ஆட்டோக் கூலியைக் கேட்டாள். என் வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினால், அங்கேயும் வந்து கதவை உடைப்பான் என்பாள் தங்கை. உண்மைதான், முன்பே ஒரு தரம் உடைத்திருக்கிறான்.

ஆலைத் தெருக் கடையையும் மூடச் சொல்லுங்கள் என்று, சோதனையை நடத்தும் டாக்டரிடம் போய் நின்றாள். அவர் கெட்டவரில்லை.

"ரெண்டையும் மூடிட்டா எதோட எதைம்மா ஒப்பிடறது? வருஷக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கோங்க" என்றார்.

பொறுப்பது யார் முதுகு என்று அவர் கேட்கவில்லை. அந்த வாரமே தங்கை காது பாதி பிய்ந்து தொங்க வந்தாள். தையல் போடும்வரை கூட இருந்துவிட்டு, உடைந்து கிடந்த கட்டில் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு விலைக்காரி நேரே கடைக்குப் போனாள். அலமாரி அலமாரியாக பாட்டில்களை நொறுக்கினாள். தடுக்க வந்த கடைக்காரனுக்கும் ஒன்று விழுந்தது. அங்கே குடித்துக்கொண்டிருந்த தங்கை புருஷன் எழுந்து வந்து, "வீட்டுக்குப் போங்க அண்ணி" என்று மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிக்கொண்டே தலைமுடியைப் பிடித்து அவள் முகத்தை மேஜையில் மோதினான். அவள் வாயில் ரத்தத்தோடு திரும்பிக் கம்பியை வீசினாள். அவனுடைய வலது முன்கை எலும்பு முறிந்த சத்தம் கடை முழுக்கக் கேட்டது. கண்ணாடித் துண்டுகளின்மேல் விழுந்தவனை, அதே கையில் இன்னொரு தரம் அடித்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்?

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அடித்தது நான்தான் என்று டாக்டரிடம் அவளே சொன்னாள். அவர், ஆலைத் தெருதானே, குடித்திருந்தானா என்று கேட்டார். அப்படியானால் கணக்கில் சேரும், போய் விவரம் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஊசி மயக்கத்தில் கிடந்தவனிடம் பட்டறை வருமானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, காதில் கட்டோடு தங்கை வந்து நின்றாள். புருஷனின் கையை உடைத்துவிட்டாயே என்று திட்டப்போகிறாள் என்றுதான் அக்கா நினைத்தாள். தங்கை அந்தக் கையையே பார்த்தாள்.

"கட்டு எப்பக்கா பிரிப்பாங்க?"

"ஆறு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் நான் நிம்மதியாத் தூங்கலாம்ல?" என்ற தங்கை, புருஷனின் மறு கையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு அவள் காதைப் பிய்த்தது அந்த இடது கைதான்.

விலைக்காரி, மாவுக்கட்டுப் போட வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள். திரையை இழுத்துவிட்டு அவனுடைய இடது கையைப் பிடித்தாள். தங்கை, யாரும் சொல்லாமலே போய் அவன் கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.