அக்காள்மடத்தில் எனக்குப் போர்த்திய பொன்னாடை

கம்ப்யூட்டர் பாதுகாப்புத் தொழிலில் ஒரு சங்கடம்: வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றுமே நடக்காததற்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். இதே பிழைப்பில் கிடந்து அவதிப்படும் நண்பர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். அப்படிப்பட்ட எனக்கும் ஒருநாள் பொன்னாடை போர்த்தினார்கள்.

அழைப்பு

ராமநாதபுரத்தில் ஆபீஸ் ஆபீஸாகப் போய் வைரஸ் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தொண்டியிலிருந்து ஜமால் சார் வந்தார். இயற்பியல் வாத்தியார், அறிவியல் புனைகதை வாசகர் வட்டத்தின் செயலாளர். பாலம் தாண்டித் தீவில் இருக்கும் அக்காள்மடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாநாடு நடத்துகிறார்களாம், நான் கௌரவ விருந்தினராம்.

"சார், நான் கதை ஒன்றுகூட எழுதியதில்லையே" என்றேன்.

"எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்னு மெஷினுக்குள்ள பூந்து தன்னைத்தானே பெருக்கிக்கிடுதுன்னு அரை மணி நேரம் சொன்னீங்கல்ல? எங்க வட்டத்துல ஒருத்தரும் அம்புட்டு அழகா கதை விட்டதில்லைம்மா."

வாசலில்

மாநாட்டன்று காலை மண்டபத்து வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. பேனரில் 'கம்ப்யூட்டர் செக்யூரிட்டி' என்று என் பெயருக்குக் கீழே போட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனிதர் இடிந்துபோயிருந்தார். "நான் இங்கன இருக்கும்போது இன்னொரு செக்யூரிட்டி எதுக்கு? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றபோது கண் கலங்கியிருந்தது.

அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, நான் பார்ப்பது பெட்டிக்குள் நுழையும் திருட்டை மட்டும்தான் என்று பொறுமையாக விளக்கினேன். முகம் தெளிந்தது. எழுந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

"அப்பச் சரி தாயி. பெட்டிக்குள்ள இருக்கிறத நீங்க பாத்துக்கங்க, வெளிய கிடக்கிற செருப்ப நான் பாத்துக்கிறேன்."

பதினோரு மணி

என் பேச்சு பதினோரு மணிக்கு. படங்களை எல்லாம் முதல்நாளே ஜமால் சார் மண்டபத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். ஏற்றியவர், பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, தம்பி மகள் நிக்காஹுக்காகத் தொண்டிக்குப் போய்விட்டார். மேடையில் நான், பின்னால் பூட்டிய திரை. பாஸ்வேர்டு கேட்டு அவருக்குப் போன் போட்டேன்.

"சொல்ல மாட்டேம்மா. 'நானே பாஸ்வேர்டு கேட்டாலும் சொல்லாதீங்க'ன்னு அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

"நான்தான் சார் பேசுறேன்!"

"அப்படித்தான் சொல்லிக் கேப்பாங்கன்னும் எழுதியிருக்கீங்க."

நான்தான் என்று நிரூபிக்க என் சொந்த ஊர், படிப்பு, எல்லாம் ஒப்பித்தேன். அதெல்லாம் மாநாட்டு நோட்டீஸிலேயே அச்சாகியிருக்கிறது என்றார். நான் சொன்னதை இத்தனை வருஷத்தில் வரிக்கு வரி கடைப்பிடித்த ஒரே மனிதர். கும்பிடவும் தோன்றியது, அழவும் வந்தது. முன்வரிசையில் ஒருவர், "நிபுணர்தானே, உடைங்க மேடம்!" என்று சத்தம் போட்டார். உடைத்தால் என் பாடம் பொய், உடைக்காவிட்டால் நானே பொய். போனைக் காதில் வைத்தபடியே கெஞ்சினேன்.

"நீங்க பேசிக்கிட்டே இருங்க, பஸ்ஸைப் பிடிச்சு வாரேன். வந்து, உங்களத் திரும்பி நிக்கச் சொல்லிட்டு பாஸ்வேர்ட நானே அடிக்கிறேன்."

கேள்வி நேரம்

படம் இல்லாமல் வெறும் வாயால் பேசி முடித்தேன். கேள்வி நேரம் வந்தது. செவ்வாய்க் கிரகத்திலிருந்து வைரஸ் வந்தால் நம்ம ஊர்க் கம்ப்யூட்டரைப் பிடிக்குமா என்று கேட்டார் ஒருவர். பிடிக்கும் என்று பாதிச் சபையும், அவன் மொழி வேறு, பிடிக்காது என்று மீதிச் சபையும் எழுந்து நின்றன. நாற்காலிகள் நகர்ந்தன. எங்கே கைகலப்பாகிவிடுமோ என்று மைக்கைப் பிடித்து, "முதலில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்" என்றேன். மண்டபம் அமைதியானது. பின்வரிசையில் ஒரு மிளகாய் விவசாயி நிம்மதியாக உட்கார்ந்தார்.

"அப்ப ஒன்னும் பயமில்ல. நம்மூர்ல கரண்ட் இருக்கிற நேரம் பாத்து அவன் வந்து எறங்கணுமே!"

பஸ்ஸில்

பொன்னாடை போர்த்தும் நேரத்துக்கு ஜமால் சார் அத்தர் மணக்க வந்து சேர்ந்தார். பூட்டைத் திறந்து, பேசி முடித்த பேச்சுக்குப் படம் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து என்னைப் பெற்ற அய்யாவும் வந்திருந்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல், நேரில் பார்த்துவிடலாம் என்று வந்த மனுஷன். திரும்பும் பஸ்ஸில், "இப்பப் புரிஞ்சுதாய்யா?" என்று கேட்டேன். கடல் பாலம் தாண்டும்வரை பொன்னாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு அதை மடித்து என் மடியில் வைத்தார்.

"வைரஸ், தொத்து, தடுப்புன்னுதான ஆத்தா பேசுன? ஊர்ல கேட்டா டாக்டர்னு சொல்லிக்கிறேன்."

இத்தனை வருஷத் தொழிலில் எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான், அதனால் இன்றும் ஊரில் யாருக்காவது சளி பிடித்தால் எனக்குத்தான் போன் வருகிறது.